குறி விழுந்த பெட்டி

வெல்டிங் புகையும் டீசலும் கலந்து தொண்டை கரகரக்கும்... திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு என்றால் எனக்கு முதலில் அந்த வாசனைதான். என் முதல் வேலை அங்கே. ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வேன்.

சூப்பர்வைசர் மேரி அக்கா எல்லாவற்றையும் ஒரே வரியில் டைப் அடிப்பார். பெட்டி எண், உடனே ஒரு குறி. + போட்டால் தூக்கலாம். # போட்டால் உள்ளே ஆள் வேலை செய்கிறான், தொடாதே. யார்டில் எல்லோருக்கும் அது பழக்கம்.

அன்று புது சாஃப்ட்வேரின் முதல் நாள். அக்கா அடிக்கும் வரியை உடைத்து, கிரேன் கேபினில் இருக்கும் திரைக்கு அனுப்ப வேண்டும். என் திரையிலும் வந்தது. எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக, சுத்தமாக.

குறிகளைத்தான் காணோம்.

குறி வரும் இடத்தில் வெட்டு என்று சாஃப்ட்வேர் செய்தவர்கள் ஒரு ரெகெக்ஸ், அதாவது எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் பேட்டர்ன், எழுதியிருந்தார்கள். அது வெட்டிவிட்டு, குறியையும் தூக்கிப் போட்டுவிட்டது. மூன்றாவது எண் # போட்ட பெட்டி. அதற்குள்தான் என் தோஸ்து பிரபா வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான்.

வாக்கிடாக்கியில் கிரேன் ஓட்டும் டேவிட் அண்ணனைக் கூப்பிட்டேன். "டேவிட்ணா, மூணாவது பெட்டிய தொடாதணா. உள்ள பிரபா கீறான்."

வெறும் இரைச்சல்தான் கேட்டது.

ஓடினேன். பெட்டியின் கதவு அந்தப் பக்கம், கேபினிலிருந்து தெரியாது. கிரேன் அதன் நாலு மூலையையும் பிடித்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றித் தலைக்கு மேலே வீசிக்கொண்டே கிரேனுக்கு முன்னால் போய் நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு பயம் அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை.

கிரேன் நின்றது.

பிரபா கதவு வழியாக முகமூடியைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான். "இன்னா மாமு, பேஜாரு பண்ற? பாதி வேலைல கீறேன்."

டேவிட் அண்ணன் இறங்கி வந்தார். "ஸ்க்ரீன்ல நம்பர் வந்துச்சே நைனா. தூக்கச் சொல்றாங்கனுதான் நெனச்சேன்."

நான் அந்த ரெகெக்ஸ் வரியைத் திருத்தி முடிக்கும்வரை மேரி அக்கா என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். திருத்தம் சின்னதுதான். வெட்டும் பேட்டர்னை ஒரு ஜோடி அடைப்புக்குறிக்குள் போட்டேன். வெட்டிய குறியும் துண்டுகளோடு சேர்ந்து வந்தது. # திரையில் தெரிந்த பிறகுதான் அக்கா உட்கார்ந்தார்.

இப்போது எனக்கு ஏசி ஆபீஸ், பெரிய டீம். வரியை வெட்டும் ஸ்ப்ளிட் கட்டளை எழுதினால் கை தானாக அடைப்புக்குறி போடும். "இங்க தேவையில்லையே" என்பார்கள் டீமில். இருக்கட்டும் என்பேன்.

இங்கே தப்பு நடந்தால் மெயில் வருகிறது. யாரும் ஓட வேண்டியதில்லை...

என் வரி தூக்கும் பெட்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்பதுதான் இங்கிருந்து தெரிவதில்லை.