ருமியானாவின் இஸ்திரிப் பெட்டி

எதிர் வீட்டு ஓக்னியான் லிப்ட் பழுது பார்க்கிறவன். வேலை முடிந்து வந்தால் அவனுக்கு ஒரே பைத்தியம்தான். ரேடியோவோ விளக்கோ, எதற்கும் சர்க்யூட் போர்டைக் கடையில் வாங்க மாட்டான். சமையல் மேசையிலேயே செய்வான். கோடுகளைப் பளபளப்பான பத்திரிகைத் தாளில் அச்சடித்து, செம்புத் தகட்டின் மேல் கவிழ்த்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவான். மை தகட்டில் ஒட்டிக்கொள்ளும். ஊறவைத்துத் தாளை உரித்துவிட்டுப் பழுப்புத் திராவகத்தில் போட்டால், மை இல்லாத செம்பெல்லாம் கரைந்து கோடு மட்டும் நிற்கும்.

தயிர் டப்பாவில் திராவகம், கழுவுதொட்டியில் போகாத கறை. எந்தப் பெண் பொறுப்பாள்? அவன் மனைவி ருமியானா அதைக்கூடப் பொறுத்தாள். அவள் உயிர் இருந்ததோ அம்மா கொடுத்த இஸ்திரிப் பெட்டியில். நீராவித் துளை இல்லாத, கனத்த, வழவழப்பான பழைய பெட்டி. போர்டு செய்ய அதைவிட உத்தமமானது எங்கள் ருசே நகரத்திலேயே கிடையாது.

"என் பெட்டியத் தொட்டே, கைய ஒடச்சு அடுப்புல வெப்பேன்!" என்று அவள் கத்துவது சுவர் தாண்டி எனக்குக் கேட்கும்.

பிறகு அவள் இத்தாலிக்குப் போனாள், படுத்த படுக்கையான ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ள. ஒரு குளிர்காலம் என்று போனவள், வருடக்கணக்கில் அங்கேயே இருந்துவிட்டாள். ஞாயிறுதோறும் போன் செய்வாள். முதல் கேள்வி, "பெட்டியத் தொட்டியா?"

"இல்லடி," என்பான். அப்போது அவன் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

உண்மையிலேயே தொடவில்லை. அவளுடைய சமையல் ஏப்ரனில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தான். சந்தையில் வாங்கிய நீராவிப் பெட்டியால்தான் மாரடித்தான். அதன் அடியிலுள்ள துளைகள் அழுத்தாத இடத்தில் மை ஒட்டாது, கோடு அறுந்துபோகும்.

இந்த ஈஸ்டருக்கு வரப் பார்க்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அழுத்தினால் அவர்கள் கல்யாணத்தில் ஆடிய பாட்டு ஒலிக்கும்படி வாசல் மணி செய்ய உட்கார்ந்தான். தகடு மேல் தகடாகப் பாழானது. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று, வழக்கம்போல முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிக் கொண்டுபோனேன். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"ஏம்ப்பா, அவ பெட்டிய எடுத்துத் தேச்சிட்டு பழையபடி சுத்தி வெச்சுடேன். அவளுக்கு எப்படித் தெரியும்?"

"பொய் சொன்னா குரல்லயே கண்டுபிடிச்சிடுவா அக்கா."

"அப்போ கேட்டுடு."

"கேட்டா வாங்கிக் கட்டிக்க வேண்டியதுதான்," என்று சிரித்தான். வாங்கிக் கட்டிக்கொள்ள ஆசை அவனுக்கு. என் எதிரிலேயே போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி வைத்தான்.

"ருமி, ஒரே ஒரு தடவ... உன் பெட்டிய..."

நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். கிழவியின் டிவி சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"எடுத்துக்கோ ஓக்னியான். நீயே வெச்சுக்கோ. எனக்கு இனிமே எதுக்கு?" அன்பாகத்தான் சொன்னாள். "நேரத்துக்குச் சாப்பிடு."

"பாத்தியா, நான் சொல்லல?" என்றது என் பாழாய்ப்போன வாய்.

"திட்டவே இல்லியே அக்கா," என்றான்.

அவன் அலமாரியைத் திறக்கவில்லை. திராவகத்தில் போடுமுன் அறுந்த கோடுகளை அழியாத மைப் பேனாவால் இழுத்து இணைத்து மணியை முடித்தான், வாசலில் மாட்டினான். ஈஸ்டரன்று இனிப்பு ரொட்டியோடு போன நான், ஆசையாகச் செய்தானே என்று அதை அழுத்தினேன். பாட்டு அழகாகத்தான் ஒலித்தது. உள்ளே நாற்காலி உருண்டு விழுந்தது. அவன் ஓடி வருவது கேட்டது. கதவைத் திறந்து என்னைப் பார்த்தான்.

அன்றிலிருந்து நான் அந்தக் கதவைக் கையால்தான் தட்டுகிறேன்.