மூன்றாவது நாற்காலியில் ஒரு பருந்து

சலூன்காரரிடம் அந்தப் பருந்து இருந்த காலத்தைப் பற்றி யாராவது வாயைக் கிளறினால் போதும், கையிலிருக்கும் சீப்பு அப்படியே நின்றுவிடும். "மூணாவது நாற்காலி அதுக்குத்தான். உங்களுக்கெல்லாம் ரெண்டு போதும்" என்பார்.

அப்போது கடைக்கு எதிரே சாலைக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். இளம் பருந்து ஒன்று தாரில் விழுந்து, ஒரு பக்க இறக்கை முழுக்க அப்பிக்கொண்டு, வாசலில் வந்து கிடந்தது. பபிள்கம் ஒட்டிய தலையோடு வரும் பிள்ளைகளுக்கு என்ன செய்வாரோ, அதையே இதற்கும் செய்தார். துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தார் ஒட்டிய இறகுகளையெல்லாம் கத்தரித்துத் தள்ளினார்.

"ஒரு மாசத்துல வளந்துடும்" என்று மனைவியிடம் பெருமை வேறு.

மாதம் போனது. மயிரளவும் வளரவில்லை. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் இறக்கையை விரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இது என்ன தலைமுடியா, வெட்ட வெட்ட வளர்றதுக்கு? பழசு தானா உதிர்ந்தாத்தான் புதுசு முளைக்கும். வருஷம் ஆகும். அதுவரைக்கும் பிள்ளை உங்களோடதுதான்."

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஊருக்கே முடி வெட்டுறவருக்கு, முடிக்கும் இறகுக்கும் வித்தியாசம் தெரியல. ரொம்ப அழகு!"

வாய்தான் அப்படி. மறுநாளே கோழி ஈரலைப் பொடியாக நறுக்கி டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தாள்.

மூன்றாவது நாற்காலியின் முதுகில் உட்கார்ந்து, கண்ணாடிக்குள் இருக்கும் பருந்தை அது முறைக்கும். தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்தால் குளிக்கத் தயாராக இறக்கையை விரிக்கும். கூட்டமில்லாத மத்தியானங்களில் இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். வருகிறவர்களின் அரசியலுக்கும் மாமியார் சண்டைக்கும் 'உம்' கொட்டியே நரைத்த மனிதருக்கு, 'உம்' கொட்டத் தேவையில்லாத துணை அதுதான்.

பிறகு ஒவ்வொன்றாக இறகு உதிர்ந்து புதிது முளைத்தது. பளபளவென்று அவை நீள நீள, பறந்து போய்விடுமே என்று சலூன்காரருக்குச் சோறு இறங்கவில்லை. சவரத்துக்கு உட்கார்ந்திருந்த பஸ் டிரைவரிடம் அன்றும் அதே புலம்பல்.

"அட, இதுக்குப் போயா அண்ணே? ஓரமா ரெண்டு இறகை ட்ரிம் பண்ணி விடுங்க. இன்னும் ஒரு வருஷம் உங்ககூடவே கிடக்கும்."

சலூன்காரர் சவரக்கத்தியை வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்தார். பக்கத்தில் போனதும் பருந்து, தண்ணீர் தெளிக்கத்தான் வருகிறார் என்று இறக்கையை விரித்துக் காட்டியது.

ஈரல் டப்பாவோடு மனைவி வாசலில் நின்றிருந்தாள். "முதல்ல தெரியாம வெட்டினீங்க, சிரிச்சு விட்டுட்டேன். இப்ப தெரிஞ்சே வெட்டினா, அதுக்கு என்னால சிரிக்க முடியாது."

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். பருந்தைக் கையில் ஏந்தி மொட்டைமாடிக்குப் போனார். கைப்பிடிச்சுவரில் விட்டதும் அது உடனே போய்விடவில்லை. போகாது போலிருக்கிறது என்று அவருக்கு ஆசைகூட வந்துவிட்டது. அப்போது காற்று எழும்பியது. பருந்து தடுமாறி, தண்ணீர்த் தொட்டியில் இடிக்கப் பார்த்து, சமாளித்து, மேலே போய்விட்டது.

மேலே ஏற்கெனவே நாலைந்து பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. நெற்றியில் கையை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாமே அதுவாகத்தான் தெரிந்தன.

"அண்ணே, ஒரு கன்னம் பாக்கி! நுரை காயுது!" என்று கீழிருந்து டிரைவர் கத்தினார்.

"இரு தம்பி, வர்றேன்" என்றார். ரொம்ப நேரம் இறங்கவேயில்லை.