கண்ணாடிப் பெட்டியில் என் முகம்

ஆடித்தபசுத் திருவிழா அன்று கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அது பொய்யில்லை. கோயிலுக்கும் போனோம். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் கோமதியம்மனைக் கும்பிட்டு, புற்றுமண் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் கொளுத்தியது. “ஏட்டி, மத்தியான ஆட்டம் போட்டிருக்கானாம். பார்த்துட்டுப் போயிருவமா?” என்றாள் அக்கா. எனக்கு அப்போது பதினேழு வயது. அதுவரை சினிமா பார்த்ததில்லை. அப்பாவுக்குச் சந்தைப் பக்கம் பலசரக்குக் கடை. எங்கள் வீட்டுப் பெண்கள் சினிமாக் கொட்டகைக்குப் போகக்கூடாது என்பது அவர் சட்டம். அதை அவர் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை.

கடைசியில் போனோம். கொட்டகையில் பெண்கள் பக்கம் உட்கார இடமில்லை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து திருவிழாவுக்கு வந்த பெண்கள் கால்வைக்க இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். இடைவேளையில் விளக்குப் போட்டதும் திரைக்கு முன்னால் ஒருவர் கேமராவைத் தூக்கிப் பிடித்தார். பளீரென்று ஒரு வெளிச்சம். சிலர் கண்ணைப் பொத்தினார்கள், சிலர் சிரித்தார்கள். நான் என்ன செய்தேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நாலு நாள் கழித்துத் தெரிந்தது. கொட்டகை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு, படத்தின் ஸ்டில்கள் ஒட்டுகிற பெட்டி. அதன் நடுவில், முறம் அகலத்துக்கு அந்தப் போட்டோ. குடும்பப் பெண்கள் எல்லாம் வருகிற கொட்டகை என்று ஊருக்குக் காட்டுவதற்காக மாட்டியிருந்தார்கள். இரண்டாவது வரிசையில் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டு நான்.

எதிரேதான் பஸ் நிற்கும் இடம். வாசுதேவநல்லூர் பஸ்ஸும் அங்கேதான் வரும். அந்த ஊரில்தான் எனக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். ஆவணியில் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பினால் என் முகத்தில்தான் முழிப்பார்கள். அதற்கு முன்னால் அப்பாவே அந்தப் பக்கம் போய்விட்டால்? சோறு இறங்கவில்லை. அப்பா கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டாலே அடுப்படிக்குள் போய்விடுவேன்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு கொட்டகை மேனேஜரைப் பார்க்கப் போனேன். அக்காதான் பேசினாள்.

“அண்ணாச்சி, அந்தப் போட்டோவ மட்டும் எடுத்திருங்க. வீட்டுல தெரிஞ்சா கொன்னே போட்டுருவாவ.”

அவர் கோபப்படவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: “டிக்கெட் வாங்கிட்டு உள்ள வந்துட்டா அது எங்க எடம்மா. எங்க எடத்துல நாங்க போட்டோ எடுக்கோம். வேற எவனாவது கேமராவோட வந்தா கேட்டுலயே பிடுங்கிருவோம், தெரியும்லா? முதலாளி உத்தரவு. இதை எடுன்னு சொல்ல நீங்க யாரு?”

நாங்கள் யாருமில்லை. திரும்பி வந்துவிட்டோம்.

அதன் பிறகு ஏதாவது சாக்குச் சொல்லித் தினம் ஒரு தடவை அந்த வழியாகப் போனேன். போட்டோ இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. ஒரு நாள் காலையில் நூல்கண்டு வாங்கப் போனவள் பெட்டிக்கு எதிரே நின்றுவிட்டேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். காட்டுவேலை செய்து கறுத்த உடம்பு. நெற்றியில் துணிக்கட்டு, அதில் காய்ந்த ரத்தம். போட்டோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஏட்டி, நீயும் இதுல இருக்கியே.”

“நான் இல்லக்கா” என்றேன்.

அவள் கண்ணாடியில் முன்வரிசை முகம் ஒன்றின் மேல் விரலை வைத்தாள். “இது நான். மேலநீலிதநல்லூர்ல இருந்து தபசு பார்க்க வந்தோம். எம் புருசனோட அண்ணன் இதைப் பார்த்துட்டு வந்து சொல்லிட்டான். எம் புருசன் அரிக்கன் லைட்டத் தூக்கி எம் மேல எறிஞ்சாரு.” வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்.

பிறகு குனிந்து, கீழே கிடந்த கல்லை எடுத்துக் கண்ணாடியில் ஒரே போடு. உள்ளே கைவிட்டுப் போட்டோவை உரித்தெடுத்தாள். முழங்கையில் கண்ணாடி கீறி ரத்தம் வந்தது. போட்டோவை இரண்டாக மடித்து என் கையில் திணித்தாள். “கொண்டுபோய் அடுப்புல போடு. போ, ஏட்டி.”

கேட் காவலாளி கத்திக்கொண்டு ஓடிவந்தான். நான் போட்டோவைத் தாவணிக்குள் சொருகிக்கொண்டு தெருவைத் தாண்டிப் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்துக்குள் போய்விட்டேன். மேனேஜர் வெளியே வந்தார்.

“போலீசைக் கூப்பிடட்டுமா? எங்க அந்தப் போட்டோ? கூட ஒரு பிள்ளை நின்னுதாமே, யாரு அது?”

அவள் தெருவைப் பார்க்கவேயில்லை.

“யாரும் நிக்கல.” நெற்றிக்கட்டை அவிழ்த்தாள். புருவத்துக்கு மேலே சதை பிளந்து கிடந்தது. “உமக்குப் போட்டோதான வேணும்? இதை எடும் வே. எடுத்து இந்தப் பெட்டியில மாட்டும். ஊரெல்லாம் பார்க்கட்டும்.”

மேனேஜருக்கு முகம் செத்துவிட்டது. “போம்மா, போ” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவள் துணியை மறுபடி கட்டிக்கொண்டு கிழக்கே நடந்தாள். பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை.

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போட்டோவை விரித்தேன். அதுவரை யாரும் என்னைப் போட்டோ எடுத்ததில்லை. நான் அப்படிச் சிரிப்பேன் என்று எனக்குத் தெரியாது. அடுப்பில் போட்டேன். சுருண்டு எரிய வெகுநேரம் ஆனது. அந்த நாற்றம் போக ஒரு கை வெந்தயத்தை வறுத்தேன்.

போட்டோ எரிந்ததே தவிர பயம் போகவில்லை. நெகட்டிவ் அவர்களிடம் இருக்கிறது, நினைத்தால் இன்னும் பத்துப் போடலாம் என்று அக்கா சொன்னாள். ஆனால் அவர்கள் போடவில்லை. நடந்தது ஊர் ஊராகப் பரவி, பெண்கள் பக்கம் பல வாரம் காலியாகக் கிடந்ததாம். கடைசியில் முதலாளியே வந்து ஒரு போர்டு எழுதி மாட்டச் சொன்னார்: ‘கொட்டகைக்குள் யாரும் போட்டோ எடுக்கக் கூடாது.’

ஆவணியில் பெண் பார்க்க வந்தார்கள். காப்பித் தட்டோடு போய் நின்றேன். மாப்பிள்ளையின் அண்ணன் என்னையே உற்றுப் பார்த்தார்.

“இந்தப் பிள்ளைய எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே.”

டம்ளர்களைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அப்பா சிரித்தார். “கோயில்ல பார்த்திருப்பிய. அம்மன்னா பிள்ளைக்கு உசுரு.”

“இருக்கும்” என்றார் அவர். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்த காலம் முழுவதும், அவர் பேச வாயெடுக்கும்போதெல்லாம் என் கை வேலையை நிறுத்திவிடும். அவர் பார்த்தாரா இல்லையா என்பது கடைசிவரை தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அன்று அவள் வீட்டுக்குப் போய் என்ன பட்டாளோ. அவள் நெற்றிக்கட்டை அவிழ்த்தபோது நான் பத்தடி தூரத்தில்தான் நின்றேன். தெருவைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் நின்றிருக்கலாம். பயந்துபோய்ப் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.