நோரோவாவின் வண்டியில் புகை நின்றது

ரரோட்டோங்காவில் நோரோவா கை வைக்காத மோட்டார் சைக்கிள் கிடையாது. தீவைச் சுற்றி ஓடும் சாலையில் எந்த வண்டி மக்கர் பண்ணினாலும், சீமைப்பலா மரத்தடியில் இருக்கும் அவன் கொட்டகைக்குத்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஊரார் வண்டியெல்லாம் ஒழுங்காக ஓட, அவனுடைய சொந்த வண்டி மட்டும் புகை கக்கியது. ஐம்பதை நெருங்கும் ஒண்டிக்கட்டை. தன் வண்டியைப் பார்க்கப் பொழுதில்லை என்பான். சுத்த சோம்பேறித்தனம், வேறென்ன?

அந்தப் புகைக்கு ஒரு குணம் உண்டு. ஓடும்போது வராது. நிறுத்திவிட்டு உடனே எடுத்தாலும் வராது. சில மணி நேரம் சும்மா நின்றால்தான், ரப்பர் இறுகிப்போன வால்வ் சீல் வழியாக ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கும். பிறகு ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை குப்பென்று கிளம்பும். புகை பெரிதென்றால் வண்டி வெகுநேரம் நின்றிருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கணக்கு ஊருக்கே அத்துப்படி.

மரேட்டாவின் விஷயம் வெளியே வந்ததும் இப்படித்தான். சந்தையில் பூமாலை விற்கும் மரேட்டா, கணவனை இழந்தவள். பல நாள் சாயங்காலம் நோரோவா அவள் வீட்டில் அவித்த சேம்பும் தேங்காய்ப்பாலில் ஊறிய பச்சை மீனும் சாப்பிட்டுவிட்டு, அவள் மாலை கட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் கிளம்புகிற நேரம் பார்த்து எதிர்வீட்டுத் தெரே பெரியம்மாவுக்கு வாசல் பெருக்க வேண்டியிருக்கும்.

“என்னடா நோரோவா, சும்மா எட்டிப் பாத்துட்டுப் போறேன்னே. புகை தென்னமர உசரத்துக்குப் போகுது?”

“வண்டி பழசு பெரியம்மா.”

“வண்டி மட்டுமா பழசு?”

மரேட்டா இதற்கெல்லாம் அசரமாட்டாள். உள்ளேயிருந்தே சிரிப்பாள். நோரோவாவுக்கு வேறு ஒன்று உறுத்தியது. ஈஸ்டர் சமயத்தில் அவன் மென்று விழுங்கி, “திருவிருந்து ஞாயித்துக்கெழம என்னோட கோயிலுக்கு வர்றியா?” என்று கேட்டிருந்தான். அன்றைக்குப் பெண்களெல்லாம் வெள்ளை உடுத்தி, ஓலைத் தொப்பி வைத்து வருவார்கள். ஒருத்தி ஓர் ஆணின் வண்டியில் வந்து இறங்கினால், ஊருக்குத் தனியாகக் கல்யாணச் செய்தி சொல்ல வேண்டியதில்லை.

“இந்தப் புகை வண்டியிலயா? வெள்ளத் துணியோடயா?” என்று அவள் சிரித்துவிட்டு மாலையை எடுத்துக்கொண்டாள். அது சம்மதமா மறுப்பா என்று அவனுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்கவும் வாய் வரவில்லை. கோயில் பாட்டில் அவன் அடிக்குரல் எடுத்தால் பெஞ்சு அதிரும். இந்த மாதிரி பேச்சுக்கு மட்டும் அந்தக் குரல் எங்கே போகுமோ தெரியாது.

கடைசியில் ஆக்லாந்திலிருந்து வந்த தங்கை மகளின் பையில் புது சீல்கள் வந்தன. திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினான். ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக மெல்லிய கயிற்றைச் சிலிண்டருக்குள் திணித்து, பிஸ்டனை மேலே ஏற்றினான். கயிறு கீழிருந்து தாங்காவிட்டால், ஸ்பிரிங்கைக் கழற்றியதும் வால்வ் உள்ளே விழுந்துவிடும். அப்புறம் என்ஜினையே பிரிக்க வேண்டியதுதான். வால்வைப் பூட்டியிருந்த குட்டித் துண்டுகளை எடுத்துத் துணியில் வைத்தான். ஒரு சேவல் வந்து அதில் ஒன்றைக் கொத்தப் பார்த்தது.

“முழுங்குனே, நாளைக்கு அடுப்புல நீதான்” என்று விரட்டினான்.

பழைய சீல் நகம் பதியாத அளவுக்குக் கல்லாகியிருந்தது. புதுசுக்கு ஆயில் தடவி, விரலால் அழுத்தி உட்கார வைத்தான். இத்தனை நாள் இதைச் செய்யாமல் இருந்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல மரேட்டா வீட்டில் சாப்பிட்டு, வெகுநேரம் இருந்துவிட்டுக் கிளம்பினான். ஸ்டார்ட் செய்தான். ஒரு பொட்டுப் புகை இல்லை. தெரே பெரியம்மா விளக்குமாறோடு ஏமாந்து நின்றாள். நோரோவா பெருமையோடு திரும்பிப் பார்த்தான். மரேட்டாவின் முகம் கறுத்திருந்தது.

“எதுக்கு இத மாத்துனே?” என்றாள்.

“சும்மாதான். சீல் போயிருச்சு, அதான்…”

“எத்தன வருசமாப் போயிருக்கு? இப்ப மட்டும் என்ன அவசரம்? இங்க வந்து போறது யாருக்கும் தெரியக்கூடாது, அதானே? ஊரே பேசுனப்ப நான் தலகுனியல. நீ மட்டும் திருட்டுத்தனமா வரப்போறியாக்கும்.”

காரணம் அவன் தொண்டைவரை வந்தது. எதிரே தெரே பெரியம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவன் என்ஜினை அணைத்தான். வண்டியை அவள் கேட்டுக்கு முன்னால், சாலையில் போகிற எல்லோருக்கும் தெரியும்படி நிறுத்திவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனான். வழியெல்லாம் தன் நாக்கைச் சபித்துக்கொண்டே போனான், பாவம்.

ஞாயிறு காலை வெள்ளைச் சட்டையில் அவன் திரும்பி வந்தபோது, கோயிலுக்குப் போகிற கூட்டம் அந்த வண்டியைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நடந்தது. மரேட்டா வெள்ளை உடையில், தொப்பியோடு கேட்டில் நின்றாள்.

“ராத்திரி பூரா வண்டி இங்க நின்னுச்சு. நீ உள்ள இல்லேன்னு நான் எத்தன பேருக்குச் சொல்றது?”

“வெள்ளத் துணியோடயான்னு கேட்டியே” என்றான் நோரோவா. “அதுக்குத்தான் மாத்துனேன். வேற எதுக்கும் இல்ல.”

மரேட்டா அவனையே பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, குனிந்து, புகைக்குழாயின் வாயருகே பிடித்தாள்.

“எடு, பாப்போம்.”

அவன் கிக்கரை மிதித்தான். இரவெல்லாம் நின்ற வண்டி ஒரே உதையில் கிளம்பியது. அவள் கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கறை இல்லை. அதை மடித்து வைத்துக்கொண்டு, பின்னால் ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் அவன் இடுப்பையும் பிடித்துக்கொண்டாள்.

“மெதுவாப் போ” என்றாள். “எல்லாரும் பாக்கட்டும்.”