திட்டினவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

பாப்பிரெட்டிப்பட்டி கேரம் கிளப்பில் எதிராளியின் அம்மாவைத் திட்டினால், அந்த அம்மாவே கூப்பிட்டுச் சோறு போடுவார் என்று எண்பத்தாறாம் வருஷத்துக் கோடையில் ஒரு வதந்தி கிளம்பியது. சித்தேரி பஸ்ஸில் அது ஏறியபோது வெறும் சோறாகத்தான் இருந்தது. அரூரில் இறங்கும்போது கோழிக்குழம்பு சேர்ந்திருந்தது. தர்மபுரி தாண்டி இண்டூர் போய்ச் சேர்ந்தபோது, திட்டினவனுக்கு அந்த வீட்டிலேயே பெண்ணும் கொடுக்கிறார்கள் என்று ஆகிவிட்டது. கல்யாணம் தள்ளிப்போன சிலர் வழி விசாரித்துக்கொண்டு பஸ் ஏறியதாகவும் கேள்வி.

விசாரித்துப் பார்த்ததில், பெண் பொய். கோழியும் பொய். சோறு ஒரே ஒரு தடவை நடந்திருக்கிறது. அதுவும் அன்றைக்கு அந்த வீட்டில் மிச்சமிருந்த காரணத்தால். கடைசியில் உண்மையாக நின்றது ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும். அந்தத் தண்ணீரின் வழியைப் பிடித்துக்கொண்டு போனால், அது கேரம் கிளப் இன்னாசிராஜிடம் கொண்டுபோய் விடுகிறது.

இன்னாசிராஜ் இண்டூர்க்காரர். பெண் எடுத்த ஊரிலேயே தங்கிவிட்டவர். அதற்கு முன்னால் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டருக்குக் கையாளாக இருந்தார். படம் நடுவில் அறுந்துபோனால் கொட்டகை முழுக்க எழும் வசவு எல்லாம் அவருக்கும் ஆபரேட்டருக்கும்தான். அப்போது அவர் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார். இருட்டில் அத்தனை பேச்சுப் பேசுகிறவன், விளக்கைப் போட்டதும் காலரைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் இருப்பவரிடம், "சம்சாரம் சௌக்கியங்களா?" என்று கேட்பான். திட்டினது யாரோ வேறு ஆள் மாதிரி.

டாக்கீஸ் மூடியதும் நஞ்சப்பன் என்பவரின் வீட்டு முன்பக்க அறையை வாடகைக்கு எடுத்து, இரண்டு கேரம் போர்டு போட்டு உட்கார்ந்தார். குடும்பம் நடந்தது அந்த அறையால்தான். அவருக்கு ஆட்டம் வராது. ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் சுண்டுவிரல்தான் வலிக்கும். ஆனால் காயின் குழியில் விழும் சத்தம் அவருக்குப் பிடிக்கும். அந்தச் சத்தம் கேட்ட அடுத்த நொடியே வரும் சத்தம்தான் பிடிக்கவில்லை.

கேரம் ஆடுகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். வெளியே பார்த்தால் வாங்க, போங்க என்று மரியாதை வழியும். உள்ளே வந்து ரெட்டுக் காயின் விழுந்து, அதை அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காயின் தப்பினால் போதும், அச்சில் ஏற்ற முடியாத ஒன்று வந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை. எதிரே இருப்பவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் போர்டில். வசவு காயின்மேலும் விழாமல், எதிராளிமேலும் விழாமல், நாலு தெரு தள்ளி ராகி புடைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணிமேல் போய் விழும். அவர் ஃபாலோவைத் தப்பவிட்டவர் அல்லர். ஃபாலோ என்றால் என்னவென்றே தெரியாதவர்.

இன்னாசிராஜ் முதலில் சுவரில் எழுதி வைத்தார்: "அசிங்கமாகப் பேசாதீர்." மறுநாளே அதன் கீழே ஒருவர் அசிங்கமாகப் பதில் எழுதியிருந்தார். திட்டுகிறவனை ஒரு வாரம் உள்ளே விடாமல் வைத்துப் பார்த்தார். அவன் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு இரண்டு போர்டுக்கும் சேர்த்துத் திட்டினான். உண்டியல் வைத்து அபராதம் போட்டார். நாலு காசு உள்ளவர்கள் வந்ததும் வராததுமாக உண்டியலில் போட்டுவிட்டு, "இன்னைக்குப் பேசறதுக்கெல்லாம் இதுல சரியாப்போச்சு" என்று சாவகாசமாக ஆரம்பித்தார்கள். காசில்லாதவன் மட்டும் வாயை மூடிக்கொண்டு தோற்றான். இன்னாசிராஜ் உண்டியலைக் கழுவி, போர்டில் தூவும் போரிக் பவுடரை அதில் கொட்டி வைத்துக்கொண்டார்.

வழி தெரிந்தது தற்செயலாக. ரைஸ்மில்லில் மூட்டை தூக்கும் மாதப்பன் ஒருநாள் மத்தியானம் சவுரியப்பனிடம் தோற்றான். தோற்ற வேகத்தில் சவுரியப்பனின் அம்மாவைப் பற்றி ஒன்று சொன்னான். சவுரியப்பனின் அம்மா ராயம்மாள், மகனிடம் சைக்கிள் சாவி வாங்க வந்து, அப்போதுதான் வாசற்படியில் கால் வைத்திருந்தார்.

"யாருப்பா அது, என் பேச்சை எடுத்தது?"

மாதப்பன் எழுந்து நின்றான். அத்தனை பெரிய உடம்பு, வைக்க இடமில்லாமல் தவித்தது.

"ஒண்ணுமில்லீங்க ஆத்தா."

"ஒண்ணுமில்லாததுக்கா அத்தன சத்தமாக் கூப்புட்ட? என்னா வேணும், சொல்லு."

"தண்ணி... தண்ணி வேணுங்க."

"அதுக்கு இப்பிடியா கேப்பாங்க? வா வூட்டுக்கு."

அவன் போனான். தெருவே பார்க்க, அவர் பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய், அவர் வீட்டு டம்ளரில் குடித்துவிட்டு வந்தான். அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறான்: அப்பனுக்கு இழுப்பு எப்படி இருக்கிறது, தங்கச்சிக்கு வரன் வந்ததா. அதற்கப்புறம் சவுரியப்பனிடம் எத்தனையோ ஆட்டம் தோற்றிருக்கிறான். வாய் திறக்கும்; நடுவிலேயே நின்று கொட்டாவியாக முடிந்துவிடும்.

கொட்டகையில் விளக்கைப் போட்டதுபோல் இருந்தது இன்னாசிராஜுக்கு. அன்று சாயங்காலமே சட்டம் போட்டார். "யார் ஆத்தாளை இழுக்கறீங்களோ, ஆட்டம் முடிஞ்சதும் அந்த ஆத்தா வூட்டுக்குப் போயி, தண்ணி கேட்டு, அவுங்க வூட்டு டம்ளர்ல குடிச்சிட்டு வரணும். குடிக்காதவனுக்கு போர்டு இல்ல."

சிரித்தார்கள். "எதுக்கு வந்தன்னு கேட்டா என்னாண்ணே சொல்றது?"

"தாகம்னு சொல்லு. அங்க போயி நீ சொன்னதத் திருப்பிச் சொல்லவா சொன்னேன்?"

சாமர்த்தியசாலிகள் அம்மாவை விட்டு அப்பனுக்கு மாறினார்கள். "அப்பன் எங்க இருந்தாலும் அங்க போயிக் குடிக்கணும்" என்றார் இன்னாசிராஜ். சில அப்பன்கள் இருந்த சாராயக்கடையில் தண்ணீர் கிடைப்பதே கஷ்டம். போனவன் திரும்பி வருவதும் கஷ்டமாக இருந்தது. அதனால் அப்பன்களும் தப்பித்தார்கள். வசவு நின்றுவிட்டது என்று சொன்னால் அது கோழிக்குழம்பு ரகம். குறைந்தது, அவ்வளவுதான். குறைந்த இடத்தில் கொஞ்சம் பேச்சு முளைத்தது. ஒருவன் இன்னொருவனிடம், "உங்கம்மாவுக்கு முட்டி வலி தேவலையா?" என்று கேட்டுவிட்டு ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இந்த ஊரில் யார் யார் வீட்டுத் தண்ணீரை யார் யார் குடிக்கலாம் என்பதற்கு எழுதாத கணக்கு ஒன்று உண்டு. இன்னாசிராஜின் சட்டம் அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டு போடப்பட்டது அல்ல. சொல்லப்போனால், அதை அவர் யோசிக்கவே இல்லை.

நஞ்சப்பன் யோசித்தார். அறையின் சொந்தக்காரர், கிணறும் நிலமும் உள்ளவர். அவருடைய மகன் சென்றாயனும் கிளப்பில் ஆடுகிறவன். ஆகவே நஞ்சப்பனின் மனைவி காசியம்மாளின் பேர் மாதக்கணக்கில் அறைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த சுவரைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அது எதுவும் நஞ்சப்பன் காதில் விழவில்லை. சென்றாயன் ராயம்மாள் வீட்டில் தண்ணீர் குடித்தான் என்பது மட்டும் அன்றைக்கே விழுந்துவிட்டது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் கிளப்புக்குள் வந்தார். "எவனைக் கேட்டு எம் பையனை அங்கெல்லாம் அனுப்புன?" என்று ஆரம்பித்து, மூச்சு வாங்குவதற்குள் வசவில் இன்னாசிராஜின் அம்மாவிடம் வந்துவிட்டார். வந்தவர் லேசில் போகவில்லை. மாதப்பன் போன்ற அனுபவஸ்தர்களே கேட்டிராத ஒன்றிரண்டு அதில் இருந்ததாகச் சொல்கிறார்கள்.

ஸ்ட்ரைக்கரைப் பிடித்த கை பிடித்தபடி நின்றது. எல்லோரும் போர்டை விட்டுவிட்டு இன்னாசிராஜின் முகத்தைப் பார்த்தார்கள். சட்டத்தைச் சொன்னால் அறை போகும். அறை போனால் அடுப்பு போகும். சொல்லாவிட்டால் நாளைக்கு இதே பையன்கள் அந்தச் சட்டத்தைச் சுவரில் எழுதிய வாசகத்தோடு சேர்த்துவிடுவார்கள். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். குரல் அவருக்கே கேட்காத மாதிரி வந்தது.

"இண்டூருங்க. எங்கம்மா பேரு வேளாங்கண்ணி. தர்மபுரியில எறங்கி வேற பஸ் மாறணுங்க."

"என்னையே அனுப்பறியாடா நீ? இந்த மாசத்தோட ரூமைக் காலி பண்ணு!"

மாசம் முடியும்வரை இன்னாசிராஜ் தூங்கவில்லை. பையன்களே வந்து, "பெரியவருக்கு மட்டும் தள்ளுபடி பண்ணிருங்கண்ணே" என்றார்கள். கடைசியில் அவரும் அதற்குத்தான் துணிந்தார். சட்டமும் வேண்டாம், டம்ளரும் வேண்டாம் என்று சொல்லிவிடுவதற்காக நஞ்சப்பன் வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே காசியம்மாள் பேசிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் அந்தச் சுவருக்கு அப்பால் அப்படி ஒரு குரல் இருப்பது இன்னாசிராஜுக்குத் தெரியாது.

"எம்பேர எடுத்தப்ப சும்மா இருந்தீங்க. சொன்ன பையனுங்க வந்து 'தண்ணி குடுங்க ஆத்தா'ன்னு நின்னானுங்க. ஒருத்தன் எங்கண்ணு மருந்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனான். இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து உங்க பக்கத்து ஆளுங்க எவனாச்சும் நான் எப்பிடி இருக்கறன்னு கேட்டிருக்கறானா? ரூமைக் காலி பண்ணச் சொல்லிக்கங்க, அது உங்க இஷ்டம். இண்டூர்ல ஒரு பொம்பள இருக்கறா. அவ உங்களுக்கு என்னா பண்ணா?"

நஞ்சப்பன் திரும்பி வாசலைப் பார்த்தார். இன்னாசிராஜ் நிற்பதைப் பார்த்துவிட்டார். தொண்டையைக் கனைத்தார்.

"ரூம் இருக்கட்டும் போ."

"அப்ப... இண்டூருங்க?" தள்ளுபடி செய்ய வந்த வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்னாசிராஜுக்கு இன்றுவரை புரியவில்லை.

"பாக்கலாம்டா. மழை பேயட்டும். ஓட்டிப் போட்ட நெலம் அப்பிடியே கெடக்குது."

போகமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. கிளப்பில் இதை வைத்து ஒரு வாரம் வாதம் நடந்தது. "எங்களுக்கு மட்டும் அன்னைக்கே, அவருக்கு மழைக்கப்பறமா?" என்றான் மாதப்பன். நியாயமான கேள்விதான். "பாக்கலாம்னு சொல்றவன் பாக்கி இருக்குதுன்னு ஒத்துக்கிட்டான்ல?" என்று மட்டும் இன்னாசிராஜ் சொன்னார். அது அவருக்கே அரைகுறையாகத்தான் பட்டது. வாடகை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும் ஒருவரிடம் அதற்குமேல் என்ன கேட்பது?

மழை பெய்தது. விதைப்பு முடிந்தது. அறுப்பும் முடிந்தது. அடுத்த வருஷம் நஞ்சப்பன் ஒரு ஜோடி மாடு பார்க்க இண்டூர் போனார். கூடப் போனவன் மாதப்பன்தான். வந்ததும் நேரே கிளப்புக்கு வந்து சொன்னான்.

"உங்கம்மா வாசல்லதான் உக்காந்து மொளகா காய வெச்சிக்கிட்டு இருந்துச்சுண்ணே. இவுரு தெருவுக்குள்ள திரும்புனாரு. நின்னாரு. அப்பறம் முனைக் கடையில ஒரு சோடா வாங்கிக் குடிச்சிட்டு, 'போலாம் வா'ன்னு வந்துட்டாரு."

சோடா கணக்கில் சேராது என்று இரண்டு போர்டும் ஒரே குரலில் சொல்லின. இன்னாசிராஜ் போரிக் பவுடரைத் தூவிக்கொண்டே கேட்டார்.

"எந்தக் கடை? வேப்பமரத்துக்கிட்ட இருக்குதே, அதா?"

"அதுதாண்ணே."

"அங்கேர்ந்து வூடு கூப்புடு தூரந்தான்டா. சரி, அடிங்க. யார் அடி இது?"