‘கறுத்த சிலாபம்’ எழுதிய பிரகாசம் அண்ணாச்சி

பிரகாசம் அண்ணாச்சி இறந்த சேதி எனக்குச் சிரிப்பாகத்தான் வந்தது. காலையில் குழாயடியில் நிற்கிறேன். பக்கத்து வீட்டு ரோசம்மா வந்து, “ஏளா லூர்து, உங்க அண்ணாச்சி அடுத்த புஸ்தகம் போட்டுட்டாரு போல. மீன் மார்க்கெட் சுவத்துல நோட்டீசு ஒட்டியிருக்கு. இந்தத் தடவ தன் பேரையே போட்டுக்கிட்டாரு” என்றாள். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடத்தை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். கறுப்புக் கட்டம், மேலே சிலுவை, ஞானப்பிரகாசம் என்ற பெயர், நாசரேத்தில் தங்கச்சி வீட்டில் இறந்தார் என்ற விவரம். அடியில் பொடி எழுத்தில் புஸ்தகத்தின் பெயர் இருக்கும் என்று குனிந்து தேடினேன். இல்லை.

அவரை அறிந்த நீங்கள் முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறீர்கள். நாலு வார்த்தை எழுதித் தா என்று அவர் தங்கச்சி கேட்டதால் எழுதுகிறேன். நான் அஞ்சாம் கிளாஸ் வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிளார்க்காக இருந்தவர். ரிட்டையர் ஆனபிறகு ‘கறுத்த சிலாபம்’ என்று ஒரு சரித்திர நாவல் எழுதினார். சிலாபம் என்றால் முத்துக்குளிப்பு. போர்த்துகீசியர் காலத்தில் நடந்த ஒரு முத்துக்குளிப்பில், தண்ணீருக்குள் போனவனின் கயிற்றை மேலே பிடித்திருந்தவன் விட்டுவிடுகிறான். போனவன் வரவில்லை. அதுதான் கதை. எந்தக் கம்பெனியும் போடாததால் சொந்தக் காசில், நான் வேலை பார்க்கிற பிரஸில் அச்சடித்தார். பாரம் மடிப்பதும் தைப்பதும் என் வேலை. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். மடிப்பேன், வரிசை பார்ப்பேன், ஊசி போடுவேன். வாசிக்க மாட்டேன்.

விற்க அவர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். புஸ்தகக் கடைக்காரர் காலண்டருக்குப் பின்னால் சொருகி வைத்தார். “மெட்ராஸ்காரன் எழுதினா வாங்குவாங்க அண்ணாச்சி. உங்களைத்தான் தெனமும் பார்க்காங்களே, எதுக்கு வாங்கணும்?” என்று முகத்துக்கு நேரே சொன்னார். பஸ் ஸ்டாண்டில் கிளம்பாத பஸ்ஸாகப் பார்த்து ஏறுவார். திருவிழாக் கூட்டத்தில் கருப்பட்டி மிட்டாய்க் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே சாக்கு விரித்து உட்காருவார். அங்கே அவரிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டவர்கள்தான் அதிகம். “நான் எழுதினதை நான் விக்காம, கடலா எந்திரிச்சு வந்து விக்கும்?” என்பார்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. நம் ஊரில் ஒருவரும் நின்று வாசிக்காமல் தாண்டாத காகிதம் சாவு நோட்டீசு ஒன்றுதான். கதையில் சாகிறவனுக்கே ஒரு நோட்டீசு அடித்து ஒட்டினால் என்ன?

பிரஸ் முதலாளி, “வேண்டாம் அண்ணாச்சி, அது விளையாட்டுச் சாமான் இல்ல” என்றார்.

“அவன் போர்த்துகீசியன் காலத்துல செத்தவன்வே. செத்தவனுக்கு மறுபடி ஒரு சாவா வரப்போகுது?”

‘செபஸ்தியான் பர்னாந்து கடலோடு போனார். உடல் கிடைக்கவில்லை’ என்று பெரிய எழுத்தில் அடித்தார். புஸ்தகத்தின் பெயர் அடியில் பொடியாக இருந்தது. அதன்மேல் பாதி இடங்களில் பசை வழிந்துவிட்டது.

செபஸ்தியான் பர்னாந்து என் வீட்டுக்காரர். சங்கு குளிக்கிறவர். கடற்கரையில் அவரைக் கட்டையன் என்றால்தான் தெரியும். ஞானஸ்நானப் பெயர் கோயில் புஸ்தகத்தோடு சரி. வீட்டுக்காரர் பெயரை நானும் வாயால் சொல்வதில்லை. அண்ணாச்சி என்னிடம் தினமும் “கட்டையன் சௌக்கியமாளா?” என்று கேட்டவர்தான். அவருக்கு எப்படித் தெரியும்?

நோட்டீசு ஒட்டிய அன்று என் வீட்டுக்காரர் கடலில் இருந்தார். நான் பிரஸில் புஸ்தகத்துக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். என் மாமியார் தலைவிரிகோலமாகத் தெருவில் வருகிற சத்தம் கேட்டது. பின்னால் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும். வெளியே ஓடி, சுவரில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். புஸ்தகத்து ஆள்தான் என்று புத்திக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை. அது கடற்கரைக்கு ஓடியது. சாயங்காலம் தோணி வந்து அவர் இறங்கியபோது, கரையில் நின்றவர்கள் சந்தோஷப்படவில்லை. இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்கள்.

மறுநாள் தோணிக்காரர் அவரை ஏற்றவில்லை. “சுவத்துல பேரு ஏறிட்டுல்லா. கொஞ்ச காலம் போகட்டும்டே” என்றார். எப்போதும் கயிறு பிடிக்கிற சொந்த மச்சானே, “செத்தவன் கயித்த நான் எப்படிப் பிடிக்க?” என்று கையைக் கட்டிக்கொண்டான். அவருக்கு வேறு தொழில் தெரியாது. புது ஹார்பரில் கூலிக்குக் கேட்டுப் போனார். அங்கும் ஒருவன், “நீ செத்துட்டேன்னாங்களே” என்றான்.

அந்த வாரம்தான் புஸ்தகம் விற்றது. காலண்டருக்குப் பின்னால் இருந்தது முன்னால் வந்தது. எங்கள் தெருவிலேயே வாங்கினார்கள். சோடாக் கடையில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “ஏளா, உம் புருசன் எந்தப் பக்கத்துல சாகாரு?” கேலிக்கில்லை. நிஜமாகவே கேட்டாள். எப்படிச் சாகப்போகிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் எல்லாரும் வாங்கினார்கள்.

அண்ணாச்சிக்கு முதலில் சந்தோஷம். காரணம் தெரிந்ததும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. “நீங்க வேணும்னா செஞ்சீங்க? ஆனா என் சோத்துல மண்ணு விழுந்துட்டு அண்ணாச்சி” என்றார். அண்ணாச்சி ஒரு வாளியோடு கிளம்பினார். சுவர் சுவராகத் தண்ணீர் தெளித்து நகத்தால் சுரண்டினார். சுரண்டிய இடம் வெள்ளையாகக் கட்டம் கட்டித் தெரிந்தது. அதையும் பார்த்துப் பயந்தார்கள்.

பிறகு ஒரு நாள் வந்து, “கட்டையா, கயித்த நான் பிடிக்கேன்” என்றார். புஸ்தகம் விற்ற காசில் ஒரு பழைய தோணியைப் பேசியிருந்தார். மூட்டை எண்ணிய கை. கடலில் வாந்தி எடுப்பார். துடைத்துக்கொண்டு மறுபடி பிடிப்பார்.

ஒரு நாள் கீழே போன என் வீட்டுக்காரர், மேலே இழுக்கச் சொல்லிக் கயிற்றை அசைக்கவேயில்லை. பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டதாம். “கீழ என்னமோ என்னைய வச்சுக்கிட்டு விடமாட்டேங்குது லூர்து. மேல அவரும் விடமாட்டேங்காரு” என்று அவர் வீட்டில் வந்து சொன்னார். அண்ணாச்சியின் இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. நான்தான் எண்ணெய் போட்டுத் துணி சுற்றினேன். “கதையில நான் விட வச்சுட்டேன். விடுறது லேசுன்னு நெனச்சு எழுதிட்டேன் லூர்து” என்றார்.

அதற்குப் பிறகு மச்சான் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டான். பழைய தோணியிலும் ஏற்றிக்கொண்டார்கள். அண்ணாச்சிக்கு இருமல் பிடித்தது, காய்ச்சல் பிடித்தது, விடவில்லை. நாசரேத் பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது சொன்னார்: “கடைசிப் பாகம் தப்பு. ரெண்டாவது பதிப்புல அவனை மேல கொண்டுவந்திருவேன்.” கொண்டுவரவில்லை. கடல் ஒருத்தனைக் கேட்டது, எழுதினவரே போனார் என்று ஊரில் பேசுகிறார்கள். எனக்கு அப்படிப் பேச வாய் வரவில்லை. பொய் என்று சொல்லவும் வரவில்லை.

அவர் நினைவாக என்னிடம் போட்டோ இல்லை. ஒரு ‘கறுத்த சிலாபம்’ இருக்கிறது. செத்த வீட்டுக்குப் போய் வந்த மறுநாள், நான் போட்ட தையலை நானே பிரித்து, கடைசிப் பாரத்தை உருவி எடுத்துவிட்டு மறுபடி தைத்தேன். இப்போது அதில் அந்தச் செபஸ்தியான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தோணி விளிம்பில் நிற்கிறான். அதோடு சரி.

உருவிய பதினாறு பக்கத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. அண்ணாச்சி எழுதியது, எரிக்க மனசில்லை. வீட்டில் வைக்கவும் பயம். “கொண்டா, நாளைக்குப் போகும்போது கடல்ல போட்டுருதேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

“எங்கன வேணும்னாலும் போடுங்க. அங்கன மட்டும் வேண்டாம்” என்றேன்.

அது என் தலைமாட்டில்தான் இருக்கிறது.