ரோஸ்லின் அக்கா வீட்டு ஒயினும் ஒரு இரும்பாணியும்

பள்ளிக்கூட லேப்ல அசிஸ்டெண்டா இருந்தவங்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே விளங்கும்: உள்ளே நாம பீக்கர் கழுவுற ஆளு, வெளியே ஊருக்கே விஞ்ஞானி. எழுபதுகளோட கடைசியில, எங்க பள்ளிக்கூட ஆபீஸ் டைப்பிஸ்ட் ரோஸ்லின் அக்கா, மக நிச்சயதார்த்தத்துக்கு வீட்டுலயே ஒயின் போடக் கிளம்பினாக. "நூறு பேர் குடிக்கப்போறாக, யாருக்கும் ஒண்ணும் ஆகாம நீதான் பாத்துக்கணும்"னு பொறுப்பை என் தலையில கட்டிட்டாக.

மெழுகு வச்ச மூடி

நாவல்பழத்தைப் பிசைஞ்சு, சீனியும் ஈஸ்ட்டும் போட்டு பாட்டில்ல ஊத்தியாச்சு. "வாயில துணி மட்டும் கட்டுங்க, காத்து வெளியேறணும்"னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அக்கா வீட்டுக்காரர் ஆரோக்கியம் அண்ணனுக்கு எறும்பு பயம். கார்க்கை அடிச்சு இறுக்கி, மேல மெழுகும் ஊத்திட்டாரு. நாலாம் நாள் டமார்! கோச்சடையில அவுக வீட்டுக் கூடம் பூரா ஊதா. நல்லவேளை, பக்கத்துல யாரும் இல்ல. நான் ஓடிப்போய் நிக்கிறேன், அண்ணன் சுவரைப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "வெள்ளை அடிச்சு ஒரு வாரம்தான் ஆச்சு தங்கச்சி, இப்ப கலரும் அடிச்சாச்சு."

ஆடு தின்ன பழம்

அதுக்குள்ள நாவல் சீசன் முடிஞ்சுபோச்சு. அண்ணன் மேலூர்ப் பக்கம் புதர்ல பறிச்சேன்னு ஒரு பை கறுப்புப் பழம் கொண்டாந்தாரு. களாப்பழமாம். பாதி களா, பாதி என்னன்னே தெரியல. "ஆடு தின்னுச்சு, நானே பாத்தேன்"ங்கிறாரு. எனக்கு வந்துச்சே கோவம்! பையோட அவரை இழுத்துக்கிட்டு மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்க களாப்பழம் விக்கிற அம்மா பையை ஒரு பார்வை பாத்துட்டு, மொத்தத்தையும் கொட்டச் சொல்லிருச்சு. தன் கூடையிலேருந்து நல்ல பழமா அளந்து போட்டுக்கிட்டே அண்ணன்கிட்ட கேட்டுச்சு: "ஆடு சினிமா போஸ்டரைக்கூடத்தான் திங்குது, அதையும் ஊறப் போடுவீகளா?"

வெடிக்காத அண்டா

"பாட்டில்தானே வெடிக்கும், அண்டா வெடிக்காதுல்ல?" இது அண்ணனோட அடுத்த கண்டுபிடிப்பு. ஜாடியிலதான் ஊறுதுன்னு நான் நிம்மதியா இருக்க, எங்கிட்ட சொல்லாம அக்காவோட சீர் பித்தளை அண்டாவுல ஊத்தி மூணு வாரம் வச்சிருக்காக. உள்ளே பூசின ஈயம் தேஞ்சு எத்தனையோ வருஷம். நிச்சயத்துக்கு முந்தின நாள் எட்டிப் பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுச்சு. புளிப்பு பித்தளையை அரிக்கும், செம்பு ஒயின்ல இறங்கும், நூறு பேரும் வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில கிடப்பாகன்னேன். சம்பந்தி முன்னாடி மானம் போயிரும்னு அக்கா அழுகை. "எங்க வீட்டு விசேஷம் உனக்குப் பொறுக்கல"ன்னு எனக்கு ஏச்சு வேற!

இரும்பாணி ஒண்ணைப் பளிச்சுன்னு தேச்சு ஒரு டம்ளர் ஒயின்ல போட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்தா, ஆணி மேல செம்பு ஏறிச் சிவந்து கிடக்கு. அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டுத் தன் கையாலேயே அண்டாவைக் கவுத்தாக. ஜெயிச்சுட்டேன்னு எனக்குத் துள்ளிக் குதிக்கணும் போல இருந்துச்சு.

மறுநாள் எல்லாருக்கும் நன்னாரி சர்பத். ஒயின் கதையை அண்ணனே உளறிட்டாரு. அக்கா முகத்துல ஈயாடல. மாப்பிள்ளையோட அம்மா டம்ளரைக் கீழ வச்சாக. "வந்தவுக உசிருக்காக அம்புட்டு ஒயினையும் கொட்டுன வீடா? அப்ப என் மகன் இங்க கண்ணை மூடிக்கிட்டு சாப்பிடலாம்."

லேப்ல இருந்த காலம் பூரா நான் ருசி பாத்த ஒயினைவிடக் கொட்ட வச்ச ஒயின்தான் ஜாஸ்தி, கொட்டுன ஒயினால இதுவரைக்கும் ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்ல.